அசையாத பொருளின் விசைக் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசையாமல் இருக்கும் ஒரு பொருளைக் கொடுத்து, அதன்மேல் செயல்படும் விசைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குகள் இயற்பியலின் தொடக்கப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. வேகம் இல்லை, முடுக்கம் இல்லை, எல்லாம் சுழி. ஆகவே எளிதாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது வேறு. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. பெருக்கவும் வகுக்கவும் தெரியாமல் யாரும் இங்கே தவறுவதில்லை. எந்த விசையை எங்கே வரைவது என்பதில்தான் சிக்கல். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். எண்கள் எளிதாக வருவதற்காகப் புவியீர்ப்பு முடுக்கத்தை எல்லா இடத்திலும் 10 மீ/வி² என்றே எடுத்திருக்கிறேன். 9.8 என்று போட்டாலும் வழிமுறை மாறாது.

கேள்வி: சமநிலை என்றால் அசையாமல் இருப்பதுதானே?

அசையாமல் இருந்தால் மட்டும் போதாது, அசையாமலேயே தொடர வேண்டும். மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் வேகம் சுழி. ஆனால் அந்தக் கணத்திலும் எடை அதைக் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. ஆகவே அது சமநிலையில் இல்லை. சீரான வேகத்தில் மேலே போகும் மின்தூக்கிக்குள் நிற்பவரோ, நகர்ந்துகொண்டிருந்தாலும் சமநிலையில் இருக்கிறார். அவர்மேல் செயல்படும் நிகர விசை சுழி.

நாம் இங்கே பார்ப்பது ஓய்வில் இருந்து ஓய்விலேயே தொடரும் பொருள்களை. அவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள். எல்லா விசைகளின் வெக்டர் கூடுதல், அதாவது திசையையும் கணக்கில் எடுத்த கூடுதல், சுழியாக வேண்டும். எல்லாத் திருப்புவிசைகளின், அதாவது விசைகள் பொருளைச் சுழற்றும் விளைவுகளின், கூடுதலும் சுழியாக வேண்டும். முதலாவது பொருளை இடம்பெயராமல் வைக்கிறது, இரண்டாவது சுழலாமல் வைக்கிறது.

கேள்வி: கணக்கைப் படித்ததும் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சூத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். எடைக்குச் சூத்திரம் உண்டு: நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் போதும். கயிற்றின் இழுவிசைக்கோ, தரை தரும் செங்குத்து விசைக்கோ, ஓய்வுநிலை உராய்வுக்கோ அப்படி ஒன்று கிடையாது. பொருளை அசையாமல் வைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவை அவை தருகின்றன, தங்களால் முடிந்த எல்லை வரைக்கும். ஒரு கயிற்றில் 2 கிலோவைத் தொங்கவிட்டால் அதன் இழுவிசை 20 நியூட்டன். அதே கயிற்றில் 5 கிலோ என்றால் 50 நியூட்டன். கயிற்றை மட்டும் பார்த்து இந்த எண்ணைச் சொல்லவே முடியாது. சமநிலைதான் சொல்கிறது. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் பாடத்தின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே பல கேள்விகளுக்கு நான் இதற்கேதான் திரும்பி வருவேன்.

தொடங்க வேண்டிய இடம் படம். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி மனத்தில் ஒரு கோடு போட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பாடப்புத்தகம் இதைத் தனித்த பொருளின் விசைப்படம் என்கிறது. பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எதெல்லாம் தொடுகிறது? கயிறு தொட்டால், கயிற்றின் வழியே பொருளிலிருந்து விலகி இழுக்கும். கயிறால் தள்ள முடியாது. தளம் தொட்டால், தளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளும். சொரசொரப்பான தளம் என்றால் தளத்தை ஒட்டி உராய்வும் தரும். தொடாமலே செயல்படுவது இந்தக் கணக்குகளில் பூமி ஒன்றுதான். இத்துடன் பட்டியல் முடிந்தது.

வரைந்த ஒவ்வோர் அம்புக்குறியையும் தொட்டு, ‘இதைத் தருவது எது?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத அம்பை அழித்துவிடுங்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் தவறு, பொருள்மேல் செயல்படும் விசையோடு பொருள் மற்றவற்றின்மேல் தரும் விசையையும் சேர்த்து வரைந்துவிடுவது. விளக்கு கயிற்றைக் கீழே இழுப்பது உண்மைதான். ஆனால் அது கயிற்றின் படத்தில் வர வேண்டிய அம்பு. விளக்கின் படத்தில் அதற்கு இடமில்லை.

கேள்வி: மேசைமேல் புத்தகம் இருக்கிறது. எடை கீழே, செங்குத்து விசை மேலே, இரண்டும் சமம். இதுதானே நியூட்டனின் மூன்றாம் விதி?

இல்லை. மூன்றாம் விதியின் இணை விசைகள் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படும். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. பூமி புத்தகத்தை இழுக்கிறது. அதன் இணை, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது. அதன் இணை, புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. எடையும் செங்குத்து விசையும் இங்கே சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகம் சமநிலையில் இருப்பது. புத்தகத்தின்மேல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எடை மாறவில்லை, செங்குத்து விசை கூடிவிட்டது. மூன்றாம் விதி இணையாக இருந்தால் இப்படிப் பிரிந்து போக முடியாது.

கேள்வி: அப்படியானால் செங்குத்து விசை எடைக்குச் சமம் என்று எப்போது எழுதலாம்?

சமநிலைச் சமன்பாடு அப்படிச் சொன்னால் மட்டும்.

தமிழில் படிக்கும் நமக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு கண்ணி இருக்கிறது. ‘செங்குத்து’ என்ற சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். செங்குத்தான மலை என்றால் வானை நோக்கி நேராக நிற்பது. ஒரு கோட்டுக்குச் செங்குத்து என்றால் அந்தக் கோட்டோடு 90° ஆக இருப்பது. செங்குத்து விசையில் வருவது இரண்டாவது பொருள். தொடும் தளத்தோடு அது 90° ஆக இருக்கும். தளம் கிடைமட்டமாக இருந்தால் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுவதால் தவறு வெளியே தெரிவதில்லை. தளம் சாய்ந்ததும் தெரிந்துவிடும். சாய்தளத்தின் மேல் உள்ள பெட்டிக்குச் செங்குத்து விசையை வானை நோக்கி நேராக வரைந்த எத்தனையோ படங்களை நான் திருத்தியிருக்கிறேன். வரைந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். சொல் அவர்களை அங்கே அழைத்துச் சென்றுவிட்டது.

சுவரில் ஒரு புத்தகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். செங்குத்து விசை இங்கே கிடைமட்டமாக இருக்கிறது! அது உங்கள் கை தரும் விசைக்குச் சமம், எடையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. எடையைத் தாங்குவது உராய்வு.

கேள்வி: இரண்டு கயிறுகளில் தொங்கும் விளக்குக் கணக்கை ஒரு முறை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

6 கிலோ விளக்கு. எடை 60 நியூட்டன். இடக்கயிறு கூரையோடு 30°, வலக்கயிறு 60°. இரண்டும் ஒரே முடிச்சில் சேர்கின்றன, முடிச்சிலிருந்து விளக்கு தொங்குகிறது. முடிச்சையே பொருளாக எடுத்துக்கொள்வோம். அதைத் தொடுவன மூன்று கயிறுகள். எனவே அம்புகளும் மூன்று.

கிடைமட்டத் திசையில்: இட இழுவிசை × கோசைன் 30° = வல இழுவிசை × கோசைன் 60°. அதாவது 0.866 × இடது = 0.5 × வலது. இதிலிருந்து வலது, இடதைப் போல 1.732 மடங்கு.

மேல் கீழ்த் திசையில்: இடது × சைன் 30° + வலது × சைன் 60° = 60. வலதுக்குப் பதில் 1.732 × இடது என்று போட்டால், 0.5 × இடது + 1.5 × இடது = 60. இடது 30 நியூட்டன், வலது 52 நியூட்டன்.

விடை வந்ததும் புத்தகத்தை மூடிவிடாமல் அந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் 82 வருகிறது, 60 அல்ல. ‘இரண்டு கயிறு, ஆளுக்குப் பாதி’ என்ற நினைப்பு இங்கே உடைகிறது. சாய்ந்த கயிறுகள் விளக்கைத் தூக்குவதோடு ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுக்கவும் செய்கின்றன. அந்தப் பக்கவாட்டு இழுப்புகள் தங்களுக்குள் அடிபட்டுப் போகின்றன, ஆனால் கயிறு அதையும் சுமந்தாக வேண்டும். இன்னொன்று: நிமிர்ந்து நிற்கும் கயிறுதான் அதிகம் சுமக்கிறது. படுத்திருப்பது குறைவாகச் சுமக்கிறது. பல மாணவர்கள் இதைத் தலைகீழாக ஊகிப்பார்கள்.

கேள்வி: இறுக்கமாகக் கட்டிய கம்பியில் சிறு எடையை மாட்டினாலும் கம்பி தொய்கிறது. இன்னும் இறுக்கினால் நேராகிவிடாதா?

ஆகாது. எவ்வளவு இறுக்கினாலும் ஆகாது. 4 மீட்டர் இடைவெளியில் கட்டிய கம்பியின் நடுவில் 2 கிலோவை மாட்டுகிறோம், நடுப்பகுதி 10 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் எடையை விட்டுவிடுவோம். ஒவ்வொரு பாதியும் கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணத்தின் சைன் ஏறத்தாழ 0.1 ÷ 2, அதாவது 0.05. இரு பாதிகளும் சேர்ந்து மேலே தூக்க வேண்டியது 20 நியூட்டன். 2 × இழுவிசை × 0.05 = 20. இழுவிசை 200 நியூட்டன்! தொங்கும் எடையைப் போலப் பத்து மடங்கு. தொய்வை 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் இழுவிசை 400 ஆகிவிடும். தொய்வே இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் சைன் சுழி. சுழியை எதனால் பெருக்கினாலும் 20 வராது. கிடைமட்டமான கயிறுக்கு மேல்நோக்கிய கூறு, அதாவது விசையில் மேலே தூக்கும் பங்கு, கிடையாது. மேல்நோக்கிய கூறு இல்லாமல் எதையும் தாங்க முடியாது. இறுக்கிக் கட்டிய கம்பி சின்னச் சுமைக்கே அறுந்து போவதன் காரணமும் இதுதான்.

கேள்வி: இதற்கெல்லாம் லாமியின் தேற்றத்தைப் போட்டால் சீக்கிரம் முடியாதா?

மூன்றே விசைகள், மூன்றும் ஒரே தளத்தில், ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்றால் தாராளமாகப் போடலாம். ஒவ்வொரு விசையையும் மற்ற இரண்டுக்கும் இடையில் உள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண் வரும் என்பது தேற்றம். மேலே உள்ள விளக்குக் கணக்கில் இரண்டு கயிறுகளுக்கும் இடையில் 90°. இடக்கயிறுக்கும் கீழே தொங்கும் கயிறுக்கும் இடையில் 120°, வலக்கயிறுக்கும் அதற்கும் இடையில் 150°. இட இழுவிசை ÷ சைன் 150° = 60 ÷ சைன் 90°, ஆகவே 30. அதே விடை. தவறு நேரும் இடம், கூரையோடு உள்ள 30°, 60° கோணங்களை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவது. தேற்றம் கேட்பது விசைகளுக்கு இடையில் உள்ள கோணத்தை. நான்காவது விசை வந்துவிட்டால் தேற்றம் உதவாது, கூறுகளாகப் பிரிப்பதுதான் வழி. கூறு முறையை முதலில் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

கேள்வி: உராய்வுக் குணகம் கொடுத்திருந்தால் உராய்வு = குணகம் × செங்குத்து விசை என்று போட்டுவிடலாமா?

இந்தப் பாடத்தில் மதிப்பெண் அதிகம் போகும் இடம் இது. 20 கிலோ பெட்டி, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (தொடும் இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றும் என்பதைக் காட்டும் எண்) 0.4. செங்குத்து விசை 200 நியூட்டன். பெருக்கினால் 80. இப்போது பெட்டியை 50 நியூட்டனால் தள்ளுகிறோம். உராய்வு எவ்வளவு? 80 என்று எழுதினால், பெட்டி தள்ளியவரை நோக்கித் தானாகவே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி எந்தப் பெட்டியும் செய்வதில்லை. உராய்வு 50 நியூட்டன்தான். 30 நியூட்டனால் தள்ளினால் 30. தள்ளவே இல்லையென்றால் சுழி. 80 என்பது உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு.

ஆகவே முதலில் சமநிலைச் சமன்பாட்டிலிருந்து தேவைப்படும் உராய்வைக் கண்டுபிடியுங்கள். பிறகு அது வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இரண்டையும் சமம் என்று எழுத உரிமை கிடைப்பது, கணக்கில் ‘நழுவும் தறுவாயில்’, ‘நகரத் தொடங்கும்போது’ என்பது போன்ற சொற்கள் இருந்தால்தான். வரம்பைக் கணக்கிடும்போதும் செங்குத்து விசையை எடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பெட்டியைக் கிடைமட்டத்துக்கு மேல் 30° சாய்ந்த கயிறால் 50 நியூட்டன் விசையில் இழுத்தால், கயிறே 25 நியூட்டனைத் தூக்கிவிடுகிறது. செங்குத்து விசை 175, வரம்பு 70. தேவைப்படும் உராய்வு 50 × கோசைன் 30° = 43.3. பெட்டி நகராது.

கேள்வி: சாய்தளத்தில் எடையின் எந்தக் கூறுக்கு சைன், எதற்கு கோசைன்? எப்போதும் மாறிப் போகிறது.

மனப்பாடம் செய்யாதீர்கள், கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தளம் தட்டையாகிவிட்டால் பொருளைச் சரிவின் வழியே இழுப்பது எதுவும் இருக்கக் கூடாது. சுழி தருவது சைன். எனவே சரிவின் வழியே உள்ள கூறு எடை × சைன், தளத்தை அழுத்தும் கூறு எடை × கோசைன். தேர்வு அறையில் ஐந்து வினாடியில் செய்துவிடலாம்.

5 கிலோ பொருள் 30° சாய்தளத்தில் நழுவாமல் இருந்தால், செங்குத்து விசை 50 × 0.866 = 43.3 நியூட்டன், உராய்வு 25 நியூட்டன். நழுவாமல் இருக்கக் குணகம் குறைந்தது 25 ÷ 43.3, அதாவது 0.577 இருக்க வேண்டும். இது 30°-இன் டேன்ஜென்ட். நிறை அடிபட்டுப் போனதைக் கவனியுங்கள். 5 கிலோ நழுவாத சரிவில், அதே பொருளால் ஆன 50 கிலோவும் நழுவாது.

சரிவின் வழியே அச்சுகளைத் திருப்பி வைப்பது வசதிக்காகத்தான். கட்டாயம் இல்லை. தெரியாத விசைகள் எத்திசையில் அதிகம் இருக்கின்றனவோ அத்திசையில் அச்சை வையுங்கள், கணக்கு சுருங்கும்.

சரிவின் வழியே உள்ள இழுப்பு எடை × சைன் என்ற இந்த விதியை சமன்பாடே இல்லாமல் ஒருவர் நிறுவிக் காட்டியிருக்கிறார் என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை. கணித அறிஞர் சைமன் ஸ்டெவின், 1586-இல் வெளியிட்ட நூலில். நியூட்டன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால். ஒரு பக்கச் சரிவு மறுபக்கத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள முக்கோணக் கட்டையின்மேல், சம இடைவெளியில் சம எடையுள்ள குண்டுகள் கோத்த ஒரு மாலையை அவர் போடுகிறார். நீளமான சரிவில் 4 குண்டுகள், குட்டைச் சரிவில் 2, மீதி கீழே தொங்குகின்றன. மாலை ஒரு பக்கம் நகர்ந்தால், நகர்ந்த பிறகும் அதே அமைப்புதான் இருக்கும். ஆகவே நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்காது. எனவே மாலை அசையாது. கீழே தொங்கும் பகுதி இரு பக்கமும் ஒரே மாதிரி இழுப்பதால் அதை வெட்டிவிடலாம். இப்போதும் அசையாது. அப்படியானால் நீளச் சரிவில் உள்ள 4 குண்டுகளைக் குட்டைச் சரிவில் உள்ள 2 குண்டுகள் தாங்குகின்றன. ஒரே உயரத்துக்கு இரு மடங்கு நீளம் என்றால் ஒவ்வொரு குண்டின் இழுப்பும் பாதி. சைன் சொல்வதும் அதையேதான்.

கேள்வி: ஒரு வில் தராசின் இரு முனைகளிலும் கயிறு கட்டி, இரு கப்பிகள் வழியே பக்கத்துக்கு 5 கிலோ தொங்கவிட்டால் தராசு 10 காட்டுமா, சுழி காட்டுமா?

5 கிலோ காட்டும். ஒரு பக்க எடையை எடுத்துவிட்டு அந்தக் கயிற்றைச் சுவரில் கட்டிவிடுங்கள். எதுவும் மாறாது. சுவரும் அதே 50 நியூட்டனால்தான் இழுக்கும். கூரையில் மாட்டிய சாதாரண வில் தராசையும் கூரை மேல்நோக்கி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது; அதை நாம் கூட்டிச் சொல்வதில்லையே. உராய்வில்லாத கப்பி, எடை இல்லாத கயிறு என்றால் கப்பியின் இரு பக்கமும் இழுவிசை ஒன்றுதான். கப்பி திசையை மட்டும் மாற்றுகிறது.

கேள்வி: விசைகளின் கூடுதல் சுழி ஆன பிறகு திருப்புவிசை எதற்கு?

நீளமான கோல் ஒன்றின் இடமுனையை மேலே, வலமுனையைக் கீழே, ஒரே அளவு விசையால் தள்ளுங்கள். கூடுதல் சுழி. கோலோ சுழல்கிறது. விசையின் அளவும் திசையும் மட்டும் போதாது, அது எங்கே செயல்படுகிறது என்பதும் வேண்டும். முடிச்சு, சிறு பெட்டி போன்றவற்றைப் புள்ளியாக எடுக்கலாம் என்பதால் அங்கே இது தேவைப்படவில்லை. ஏணி, பலகை, நெம்புகோல் என்று வந்தால் தேவை. விசை × நாம் தேர்ந்தெடுக்கும் ஒரு புள்ளியிலிருந்து அந்த விசையின் செயல்கோட்டுக்கு (விசையின் திசையில் நீட்டி வரைந்த கோட்டுக்கு) உள்ள செங்குத்துத் தொலைவு, இதுதான் திருப்புவிசை. சில புத்தகங்கள் திருப்புத்திறன் என்கின்றன.

கேள்வி: எந்தப் புள்ளியைப் பொறுத்துத் திருப்புவிசை எடுப்பது? கீல் அல்லது ஆதாரம் இருக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டுமா?

எந்தப் புள்ளியிலும் எடுக்கலாம், பொருளுக்கு வெளியே உள்ள புள்ளியில்கூட. பொருள்தான் சுழலவே இல்லையே. ஒரு புள்ளியைச் சுற்றி ஏன், வேறொன்றைச் சுற்றி ஏன் என்ற கேள்வியே எழாது. நிகர விசை சுழியாக இருக்கும்போது திருப்புவிசைகளின் கூடுதல் எல்லாப் புள்ளிக்கும் ஒன்றாகவே வரும். இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: தெரியாத விசைகள் எந்தப் புள்ளி வழியே அதிகம் போகின்றனவோ அந்தப் புள்ளியை எடுத்தால் அவையெல்லாம் சமன்பாட்டில் வராமல் போய்விடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இரு பரிமாணத்தில் ஒரு பொருளுக்குச் சுதந்திரமான சமன்பாடுகள் மூன்றுதான். இரண்டு விசைச் சமன்பாடும் ஒரு திருப்புவிசைச் சமன்பாடும் எழுதிய பிறகு, இன்னொரு புள்ளியில் திருப்புவிசை எடுத்தால் புதிதாக எதுவும் கிடைக்காது. சுருக்கிக்கொண்டே போனால் 0 = 0 என்று வந்து நிற்கும். அப்படி வந்தால் கணக்கில் தவறில்லை, பழைய செய்தியையே மறுபடி எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஏணிக் கணக்கு ஏன் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது?

இந்தப் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது, அதனால்தான். 5 மீட்டர் ஏணி, எடை 200 நியூட்டன். வழவழப்பான சுவர். அடி சுவரிலிருந்து 3 மீட்டர், ஆகவே உச்சி 4 மீட்டர் உயரத்தில். ஏணியைத் தொடுவன சுவரும் தரையும். சுவர் வழவழப்பானது, எனவே கிடைமட்டமாகத் தள்ள மட்டுமே முடியும். தரை மேல்நோக்கிச் செங்குத்து விசையும், சுவரை நோக்கி உராய்வும் தருகிறது. எடை நடுவில், அடியிலிருந்து கிடைமட்டமாக 1.5 மீட்டரில்.

மேல் கீழ்: தரையின் செங்குத்து விசை 200. அடியைப் பொறுத்துத் திருப்புவிசை: சுவரின் விசை × 4 = 200 × 1.5. சுவரின் விசை 75. கிடைமட்டம்: உராய்வும் 75. வேண்டிய குணகம் 75 ÷ 200 = 0.375. தரையின் குணகம் 0.4 என்றால் ஏணி நிற்கும்.

இப்போது 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் ஏறுகிறார். தரையின் செங்குத்து விசை 800 ஆகிறது, உராய்வின் வரம்பு 320. அவர் அடியிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தூரம் போகலாம்? வரம்பில், சுவரின் விசையும் 320. 320 × 4 = 300 + 600 × தூரம். தூரம் 1.63 மீட்டர். மொத்தம் 3 மீட்டரில் இது பாதியைச் சற்றுத் தாண்டியது. ஏணியின் வழியே அளந்தால் 2.7 மீட்டர். அதற்கு மேல் ஒரு படி வைத்தால் அடி வழுக்கும். கீழ்ப்படியில் நின்று ஆட்டிப் பார்த்து, ‘உறுதியாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்று இந்த எண்கள் சொல்கின்றன. கீழே நிற்கும்போது உங்கள் எடை செங்குத்து விசையைக் கூட்டி ஏணிக்கு உதவுகிறது. மேலே போகப் போக அதே எடை ஏணிக்கு எதிராகத் திரும்புகிறது.

ஆள் இல்லாத ஏணிக்கு ஒரு சரிபார்ப்பும் உண்டு. மூன்று விசைகளால் சமநிலையில் இருக்கும் பொருளில், அவை இணையாக இல்லாவிட்டால், மூன்றின் செயல்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும். சுவரின் விசை 4 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகப் போகிறது, எடை 1.5 மீட்டரில் நேர்கீழாக. இரண்டும் சந்திக்கும் புள்ளி அடியிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே, 4 மீட்டர் மேலே. தரை தரும் மொத்த விசை அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். 200 மேலே, 75 பக்கவாட்டில், 4-க்கு 1.5. அதே விகிதம்!

கேள்வி: விடை எதிர்க்குறியில் வந்தால் தவறா?

யார் தரும் விசை என்பதைப் பொறுத்தது. உராய்வு எதிர்க்குறியில் வந்தால் நீங்கள் வரைந்த திசை மட்டும் மாறுகிறது. எண் சரி, கணக்கைத் திருப்பிப் போட வேண்டாம். கயிற்றின் இழுவிசையோ செங்குத்து விசையோ எதிர்க்குறியில் வந்தால் அது பெரிய செய்தி. கயிறு தள்ளாது, தரை இழுக்காது. ஆக, நீங்கள் நினைத்த சமநிலையே சாத்தியமில்லை.

6 மீட்டர் பலகை, எடை 300 நியூட்டன், இடமுனையில் ஓர் ஆதாரம், அங்கிருந்து 4 மீட்டரில் இன்னொன்று. 600 நியூட்டன் எடையுள்ளவர் இரண்டாவது ஆதாரத்தைத் தாண்டி வெளியே நடக்கிறார். அந்த ஆதாரத்தைப் பொறுத்து, பலகையின் எடை 1 மீட்டர் உள்ளே, அவர் ஏதோ ஒரு தூரம் வெளியே. இடது ஆதாரத்தின் விசை சுழியாகும் இடம்: 300 × 1 = 600 × தூரம், அதாவது அரை மீட்டர். 2 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் அரை மீட்டர்தான் நடக்கலாம். அதைத் தாண்டினால் சமன்பாடு எதிர்க்குறி காட்டும், பலகை கவிழும்.

கேள்வி: நாற்காலியின் ஒவ்வொரு காலிலும் எவ்வளவு விசை என்று கண்டுபிடிக்க முடியவில்லையே?

முடியாது, உங்கள் குறை அல்ல. மேல் கீழ் விசைக்கு ஒரு சமன்பாடு, இரு கிடைமட்ட அச்சுகளைச் சுற்றித் திருப்புவிசைக்கு இரண்டு. மொத்தம் மூன்று. முக்காலிக்கு மூன்று கால், மூன்று விடை. நாற்காலிக்கு நான்கு கால், மூன்று சமன்பாடு. கால்கள் எவ்வளவு அமுங்குகின்றன, தரை எவ்வளவு சமம் என்பவை தெரியாமல் விடை கிடைக்காது. சொரசொரப்பான சுவரில் சாய்ந்த ஏணிக்கும் இதே நிலை. அங்கே தெரியாதவை நான்கு. முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்க, நாற்காலி ஆடுவதும் இதனால்தான். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும், நான்காவது அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: படமும் சமன்பாடும் போதும். கையால் தொட்டுப் பார்க்க ஏதாவது உண்டா?

30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்து, நீட்டிய இரு சுட்டுவிரல்கள்மேல் கிடத்துங்கள். ஒரு விரல் முனைக்கு அருகில், மற்றது நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்துங்கள். முனை விரல் வழுக்கி வரும், உள் விரல் ஒட்டியே இருக்கும். திடீரென்று முனை விரல் நின்றுவிடும், மற்றது வழுக்கத் தொடங்கும். இப்படி மாறி மாறி வந்து, இரண்டும் சரியாக அளவுகோலின் நடுவில் சேரும். வேண்டுமென்றே வேறிடத்தில் சேர்க்க முயன்று பாருங்கள், முடியாது.

காரணம் இதுவரை சொன்னவற்றிலேயே இருக்கிறது. ஈர்ப்பு மையத்துக்கு, அதாவது எடை முழுவதும் செயல்படுவதாக எடுத்துக்கொள்ளும் புள்ளிக்கு, அருகில் உள்ள விரல் அதிக எடையைத் தாங்குகிறது. மையத்திலிருந்து ஒரு விரல் 12 சென்டிமீட்டரிலும் மற்றது 4 சென்டிமீட்டரிலும் இருந்தால், திருப்புவிசைச் சமன்பாட்டின்படி உள் விரல் தாங்குவது வெளி விரலைப் போல மூன்று மடங்கு. செங்குத்து விசை மூன்று மடங்கு என்றால் உராய்வின் வரம்பும் மூன்று மடங்கு. எனவே வெளி விரல்தான் முதலில் வழுக்குகிறது. வழுக்கி உள்ளே வர வர, அதன் பங்கு கூடுகிறது. வழுக்கும்போது உள்ள உராய்வு ஓய்வுநிலை உராய்வின் உச்சத்தைவிடச் சற்றுக் குறைவு என்பதால், அது மற்ற விரலைவிட மையத்துக்குக் கொஞ்சம் நெருங்கிய பிறகே நிற்கிறது. பிறகு மற்றதன் முறை. அளவுகோலின் ஒரு முனையில் ஓர் அழிப்பானை ஒட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். இந்த முறை விரல்கள் நடுவில் சேராது. புதிய ஈர்ப்பு மையத்தில் போய்ச் சேரும்.